பரவனாறும் ஸ்த்ரூகாவும்: பெயர்ப்பலகையைக் கொடுத்து நிலத்தை எடுப்பது

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் மேல்வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெல்லுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. படத்தை எல்லோரும் பார்த்தோம். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி அந்தக் காட்சியைக் கண்டு கண்ணீர் வந்ததாக நீதிமன்றத்திலேயே சொன்னார். பக்கத்து வடலூரின் வள்ளலாரையும் நினைவுகூர்ந்தார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று ஆயிற்று. அழுதவர்கள், கட்டுரை எழுதியவர்கள், மறியல் செய்தவர்கள் எல்லோரும் பயிரைத்தான் பார்த்தோம். அந்த எந்திரங்கள் அங்கே என்ன வெட்டிக்கொண்டிருந்தன என்று கேட்டவர்கள் குறைவு. அவை ஓர் ஆற்றை வெட்டிக்கொண்டிருந்தன.

அலுவலக மொழியில் அந்த வேலைக்குப் பெயர் 'பரவனாறு நிரந்தரத் திசைதிருப்பம்'. மொத்தம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பத்தரை கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஏற்கெனவே முடிந்திருந்தது. நெல் வயலுக்குள் வந்தது மிச்சமிருந்த ஒன்றரை. நெய்வேலி இரண்டாம் சுரங்கம் முன்னேறி வரும் வழியில் ஆறு குறுக்கே கிடந்தது, ஆகவே ஆற்றைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதற்கு முன்னால் அதைத் தற்காலிகமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஆறு தற்காலிகமாக ஓரிடத்தில் ஓடலாம் என்று எண்ணக்கூடிய ஒரு மொழி நம்மிடையே புழக்கத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த மொழியைப் பற்றியது. ஆற்றைப் பற்றிப் பேசாமல் அதைப் பேச முடியாது.

பரவனாறு பெரிய ஆறு இல்லை. விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் நடுவே தாழ்ந்த நிலத்தில், மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றுகிற சிற்றாறு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் வந்து, பெருமாள் ஏரியைத் தொட்டு, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக வடக்கே போய், கடலூர் பழைய நகரத்தை ஒட்டிக் கெடிலத்தின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடலைச் சேர்கிறது. கடைசிப் பகுதியில் அதற்குப் பெயரே மாறிவிடுகிறது: உப்பனாறு. பரவன் என்றால் யார், பரவு என்ற வேரா என்று பெயராராய்ச்சி செய்வது என் நோக்கம் இல்லை. பரவிப் போகிற ஆறு என்று பொருள் சொன்னால் நிலத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது. பெருமழையில் கரை என்பதே இல்லாமல் அது வயல்மேல் பரவும். கம்பெனியின் ஆங்கிலத் தாள்களில் அது 'பர்வனார்' ஆகிவிட்டது. யாரோ ஒரு மரியாதைக்குரிய பெரியவரின் பெயர் போல.

விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1993 செப்டம்பர் 30 வரை இது எல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். பிரித்தபோது அந்தப் பாதிக்கு வள்ளலார் பெயர், இந்தப் பாதிக்கு ராமசாமி படையாட்சியார் பெயர்; 1997இல் தலைவர்கள் பெயர் எல்லாம் எடுக்கப்பட்டுப் பழையபடி ஊர்ப்பெயருக்கே வந்தோம். பெயர் வைப்பதும் எடுப்பதும் இங்கே எப்பேர்ப்பட்ட அரசியல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் மேலே என்ன பெயர் மாற்றினாலும் கீழே மாறவில்லை. நெய்வேலிக் கரியின்மேல் கிடக்கும் கடலூர் மணற்கல் என்ற நிலஅடுக்கு புதுச்சேரி வழியாக வானூர் வட்டம் வரைக்கும் வருகிறது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் அந்த அடுக்கைச் சேர்ந்தவைதான். பாகூரில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதும் தெரிந்த சங்கதி. தண்ணீரும் அந்த மணற்கல்லில்தான் இருக்கிறது.

நெய்வேலியின் தோற்றக் கதையே தண்ணீர்க் கதைதான். 1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு இறக்கியபோதுதான் கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஆழக் குழாய் இறக்கினால் இறைக்க வேண்டாம், தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். அடியில் அவ்வளவு அழுத்தம். பிறகு 1956இல் கம்பெனி, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தது, 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962இல் சோவியத் உதவியில் மின்சாரம். இதெல்லாம் பள்ளிப் பாடம். பாடத்தில் வராதது ஒன்று. கரிப்படுகைக்குக் கீழே இருந்த அழுத்த நீரை அப்படியே விட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஆகவே கரி எடுக்கிற காலம் பூராவும், இரவும் பகலும், சுற்றிலும் குழாய் இறக்கித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். உலகத்துக்கு அது நிலக்கரிச் சுரங்கம். கணக்குப் பார்த்தால் அது முதலில் ஒரு தண்ணீர்ச் சுரங்கம்.

இறைத்த தண்ணீர் எங்கே போகும்? கொஞ்சம் அனல்மின் நிலையத்துக்கு, நகரியத்துக்கு. மிச்சம் செங்கால் ஓடையிலும் பரவனாற்றிலும். வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாய்கிறது. கோடையிலும் பரவனாற்றில் தண்ணீர் ஓடுவதன் ரகசியம் இதுதான். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: "ஆறு எங்க தம்பி இருக்குது? அது சொரங்கத் தண்ணி. அவன் வுட்டா வரும், இல்லன்னா இல்ல." எந்தக் கோட்பாட்டு நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது என்று தோன்றியது. ஒருவன் வீட்டுக் கிணற்றை இறைத்து, அந்தத் தண்ணீரை அவன் வாசலில் ஊற்றி, இது நான் கொடுத்தது என்று சொல்கிற நிலைமை. அதற்கு நன்றி சொல்லவும் ஆள் இருக்கிறது, இருக்கத்தானே செய்யும், அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. வளையமாதேவியில் அழிந்த நெல்லும் பெரும்பாலும் சுரங்கத் தண்ணீரில் விளைந்ததுதான். நம் தோழர்கள் சிலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லாவிட்டால் ஆற்றின் இன்றைய நிலைமை புரியாது.

தண்ணீரோடு சேர்ந்து வருவது இன்னொரு பக்கம். கொட்டிவைத்த மண்மேடுகளிலிருந்து மழைக்குக் கரையும் மண், கரித்தூள், சாம்பல். வாலாஜா ஏரி இவற்றால் தூர்ந்து ஏரி என்ற அடையாளமே இல்லாமல் கிடந்தது; பல வருஷம் கழித்து, 2013இல்தான், கம்பெனி செலவிலேயே தூர்வாரப்பட்டது. பெருமாள் ஏரியும் தூர்ந்தது. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தூர்ந்துபோன ஆறும் ஏரியும் வாங்கிக்கொள்ள முடியாத தண்ணீர் ஊருக்குள் நின்றது. சுரங்கத்துக்குள் சேர்ந்த வெள்ளத்தையும் வெளியே இறைத்துவிட்டதால்தான் இவ்வளவு என்று விவசாயிகள் அப்போதே குற்றம்சாட்டினார்கள். 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றியுள்ள ஊர்களின் நீரில் பாதரசம் அனுமதி அளவைப் பல மடங்கு தாண்டியிருப்பதாகச் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இவ்வளவையும் சுமந்துகொண்டு போய், பெயர் மாறி உப்பனாறு ஆனபிறகு, கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளின் கழிவை வாங்கிக்கொள்கிறது. அங்கே 2004 முதல் ஈச்சங்காடு, குடிகாடு பக்கத்து ஊர்க்காரர்களே வாளியும் பையும் வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பிய கதை தனியாக எழுத வேண்டியது.

இனி மொழிக்கு வருகிறேன். சுரங்கத் தொழிலில் கரிக்கு மேலே இருக்கும் மண்ணுக்கு 'ஓவர்பர்டன்' என்று பெயர். மேல்சுமை. அந்த மேல்சுமையில்தான் வரப்பு, களத்துமேடு, அய்யனார், சுடுகாடு, ஊர், சேரி, ஆறு எல்லாம் இருக்கிறது. சுமை யாருக்கு? கரிக்கு. மனிதர்கள் வாழ்கிற அடுக்கு, கரியின் பார்வையிலிருந்து பெயர் பெற்றுவிட்டது. இந்தச் சொல் ஏதோ நம்மூர் அதிகாரியின் கண்டுபிடிப்பு இல்லை. நெய்வேலியில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பம். இந்தியாவிலேயே முதலில் இங்கேதான் வந்தது. ஜெர்மன் மொழியில் அந்த மண்ணுக்குப் பெயர் 'அப்ரௌம்': ஒழித்துக்கட்ட வேண்டியது. இதே எந்திரங்கள் தின்ற இன்னோர் ஆற்றைப் பற்றிச் சொல்லத்தான் தலைப்பில் அந்தப் புரியாத பெயரைப் போட்டேன்.

கிழக்கு ஜெர்மனியில் லுசாத்தியா என்று ஒரு பிரதேசம். அங்கே சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மொழிச் சிறுபான்மையினர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள். இன்று எண்ணிக்கை 60,000 என்பார்கள்; மொழியை உண்மையில் பேசுகிறவர்கள் அதில் பாதி இருந்தாலே அதிகம். அவர்கள் மொழியில் அந்தப் பிரதேசத்தின் பெயருக்குச் சதுப்பு நிலம் என்று அர்த்தம். சதுப்புக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. 1920களிலிருந்து அங்கே சுரங்கத்துக்காக இடிக்கப்பட்ட ஊர்கள் 130க்கும் மேல். அந்தப் பகுதியில் ஷ்லைஃப, சோர்பிய மொழியில் ஸ்லேப்போ, என்ற ஊர்ப்பக்கம் ஓடுகிற சின்ன ஆறுதான் ஸ்த்ரூகா. பெயருக்கு அர்த்தம் ஒன்றும் பெரிதில்லை, 'ஓடை', அவ்வளவுதான். ஜெர்மன்காரனும் அதை ஸ்த்ரூகா என்றுதான் சொல்கிறான். பெயர் மட்டும் தப்பித்தது. தண்ணீர் தப்பிக்கவில்லை. அந்த ஊர்க்காரரான கவிஞர் கீட்டோ லோரன்ஸ் 1967இல் சோர்பிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலுமாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். அழுக்காகிப்போன அந்த ஓடையின் பெயரே நூலுக்கும் பெயர். ஸ்லேப்போவின் பேச்சுவழக்கு மேல் சோர்பியத்துக்கும் கீழ் சோர்பியத்துக்கும் நடுவே உள்ளது என்பார்கள். தொண்டைநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் நடுவே கிடக்கிற நம் நடுநாட்டுக்காரனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சிரிப்பு வரும்.

ஸ்த்ரூகா போய்ச் சேரும் ஸ்பிரே ஆற்றில் இன்னொரு வேடிக்கை. நிலத்தடி மணலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறது. தண்ணீரை இறைத்து மண்ணைப் புரட்டினால் அதன்மேல் காற்றுப் படுகிறது. பிறகு சுரங்கத்தை மூடி, இறைப்பதை நிறுத்தி, நிலத்தடி நீர் மறுபடி ஏறும்போது, அந்த இரும்பு கரைந்து ஆற்றுக்கு வந்து துருவாகப் படிகிறது. ஆறு செம்பழுப்பாக ஓடுகிறது. அதாவது சுரங்கம் செத்தபிறகுதான் ஆறு இந்த நிறத்துக்கு வருகிறது. நெய்வேலிக் கரியில் கந்தகம் ஒப்பீட்டில் குறைவு, அந்தத் துரு நிறம் இங்கே இல்லை. ஆனால் இன்னொன்று அப்படியே பொருந்துகிறது. பல பத்தாண்டுகளாக இறைத்துவிட்ட சுரங்கத் தண்ணீரை நம்பியே ஸ்பிரே ஓடுகிறது, வறண்ட கோடையில் பாதிக்கும் மேல் அந்தத் தண்ணீர்தான். 2038க்குள் நிலக்கரியை நிறுத்துவது என்று ஜெர்மனி 2020இல் சட்டம் போட்டபிறகு, சுரங்கம் நின்றால் ஆற்றுக்குத் தண்ணீர் எங்கே என்று பெர்லின் நகரமே கவலைப்படுகிறது. குறிஞ்சிப்பாடிப் பெரியவர் சொன்னதைத்தான் அங்கே நிபுணர்கள் அறிக்கையாக எழுதுகிறார்கள்.

நான் சொல்ல வந்த முக்கிய விஷயம் பெயர்ப்பலகை. நாஜிகள் 1936, 1937இல் ஸ்லாவிய ஒலி உள்ள ஊர்ப்பெயர்களை எல்லாம் தேடித்தேடி ஜெர்மன் பெயராக்கினார்கள். சோர்பியர்களின் அமைப்பான டோமோவினாவை 1937இல் முடக்கினார்கள். பிறகு வந்த சோசலிச அரசு இதைச் சரிசெய்தது. சோர்பியப் பள்ளி, பதிப்பகம், நாடக அரங்கு, ஊருக்கு ஊர் இரண்டு மொழிப் பெயர்ப்பலகை. அந்த அரசுதான் அதே ஊர்களைச் சுரங்கத்துக்குள் தள்ளியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கையால் நடந்தது. பெயரை அழித்தவன் நிலத்தை விட்டுவைத்தான், பெயரைக் கொடுத்தவன் நிலத்தை எடுத்தான் என்று சொன்னால் அது நாஜிகளுக்குச் செய்கிற சலுகை ஆகிவிடும். அவர்கள் காலத்திலும் சுரங்கம் நடந்தது. ஆனால் பெயரை மதிப்பதும் நிலத்தை மதிப்பதும் வேறுவேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முதலாளித்துவ ஜனநாயகம் வந்தபிறகும் இதேதான். பிராண்டன்பர்க் மாநிலத்தின் 1992 அரசியல் சட்டம், 25ஆவது பிரிவில், சோர்பியர்களின் வாழ்விடப் பகுதிக்குப் பாதுகாப்பு என்று எழுதிவைத்திருக்கிறது. ஹோர்னோ, சோர்பிய மொழியில் ரோகோவ், என்ற ஊர் அதை நம்பி வழக்குப் போட்டது. 1998இல் மாநில அரசியல்சட்ட நீதிமன்றம் கைவிட்டது. 2000இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. காரணம் கவனிக்கத்தக்கது: இவர்கள் போகும் புது இடமும் சோர்பிய வாழ்விடப் பகுதிக்குள்தான் இருக்கிறது, அங்கே போய் மொழியையும் வழக்கங்களையும் தொடரலாமே. பண்பாடு என்பது லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான். ஊர் போனது, பெயர்ப்பலகை புது இடத்துக்கு வந்தது. 2019இல் ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்ட மூல்ரோசெ என்ற ஊரின் கதையும் இதேதான். புதுக் குடியிருப்புக்குப் பெயர் 'புது மூல்ரோசெ'.

நெய்வேலியில் அந்த மரியாதைகூட இல்லை. ஊர்கள் போன இடத்துக்குப் பக்கத்தில் எழுந்த நகரியத்துக்கு 'வட்டம்' என்று எண் கொடுத்தார்கள். இருபத்தொண்ணாவது வட்டம், முப்பதாவது வட்டம். ஆனால் தமிழ் அடையாள அரசியல் நெய்வேலியைத் தொடாமல் இருந்தது என்று நினைக்கக் கூடாது. 2006இல் பங்கு விற்பனையைத் தடுத்தது, 2013இல் மத்திய அரசு விற்க வந்த பங்கைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டது எல்லாம் அந்த அரசியலின் வெற்றிகளாகவே கொண்டாடப்பட்டன. கம்பெனி தமிழனுடையதா, தில்லியுடையதா? வேலை யாருக்கு? கேள்வி இதோடு நின்றது. ஆறு யாருடையது என்பது அந்தச் சொல்லாடலுக்குள் வரவே இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. எழுத்துக்கூட்டல் சரியில்லை என்று சண்டை வந்து சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாளில் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தின் சூட்டில் கால்வாசி, அந்த வருஷங்களில் பரவனாற்றின் புதுக் கால்வாயைப் பற்றி நடந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். நம்மை நாமே குறை சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்றுக்காக உருகும்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. அது யாருடைய ஆறாக இருந்தது? கரையோர நிலம் யார் கையில் இருந்தது, மதகு திறக்கிற முறையை யார் வைத்தார்கள், சேரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் மறந்துவிட்டு 'நம் ஆறு' என்று எழுதினால் அதுவும் ஒரு பெயர்ப்பலகைதான். பட்டா இருந்தவனுக்கு 1894 சட்டத்தில் இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவள், அறுவடைக்குப் போனவன், ஆற்றில் மீன் பிடித்தவன், கரையில் கோரை அறுத்தவள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. 2013இல் வந்த மத்தியச் சட்டம் நிலமற்ற கூலிக்காரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணியது. தமிழக அரசு தொழில்துறை நோக்கங்களுக்கான தன் 1997 நில எடுப்புச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. 2019இல் உயர்நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. சமூக நீதி பேசுகிற இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வரவில்லை.

எழுதுகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறதா? கண்மணி குணசேகரன் 2007இல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒன்று கொண்டுவந்தார். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்துச் சனங்கள் வாயில் புழங்கும் சொற்கள். அதற்கு முன்பே 1988இல் இங்கே விழுப்புரத்திலிருந்து பழமலய் 'சனங்களின் கதை'யை எழுதியபோது, இந்த மண்ணின் பேச்சு அச்சேறத் தகுந்தது என்று பலருக்குத் தைரியம் வந்தது. இவற்றை நாம் இலக்கியச் சாதனையாக, வட்டார அடையாளமாகப் படித்தோம். வேறு மாதிரியும் படிக்கலாம். நிலத்தைப் பற்றிய சொல், தண்ணீர் விடுகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடக்கிற சண்டைச் சொல், சேறு வகைக்கு ஒரு சொல், கரை உடைப்புக்கு ஒரு சொல்: இவை எல்லாம் 'மேல்சுமை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரான பட்டியல். மேல்சுமையில் என்னென்ன இருந்தது என்பதற்கான சரக்குப் பதிவேடு. நிலம் போனபிறகு அகராதி மட்டும் மிஞ்சினால் ஸ்லேப்போவில் நடந்ததுதான் இங்கேயும்: கவிதைத் தொகுப்பு இருக்கிறது, ஓடை இல்லை.

கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். வருவாய்த்துறை ஏட்டில் பழைய பரவனாற்றின் தடம் 'ஆறு, புறம்போக்கு'. புறம்போக்கு என்றால் யாருக்கும் பட்டா இல்லை, எல்லோரும் இறங்கலாம். புதுக் கால்வாயோ கையகப்படுத்திய நிலத்தில் வெட்டப்பட்டது. பழைய தடத்தை எந்திரம் தின்றபிறகு அந்த ஏட்டில் என்ன எழுதுவார்கள்? புதுக் கால்வாயில் ஒரு பெண் துணி துவைக்க இறங்கினால் அவள் ஆற்றில் இறங்குகிறாளா, கம்பெனி நிலத்தில் அத்துமீறுகிறாளா? பாலத்தில் நெடுஞ்சாலைத்துறை வைக்கும் பலகையில் 'பரவனாறு' என்றுதான் இருக்கும், தமிழில், பெரிய எழுத்தில்.